மாஸ்டடானுக்குப் புதியவரா? நம்மூர் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்களை மாஸ்டடானில் சேர்த்துவிடும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியை உண்டு, தேன் வியாபாரி உண்டு, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். புதிதாக வருபவரை உட்காரவைத்து, "சர்வர் என்றால் என்ன, நெறிமுறை என்றால் என்ன" என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் அவர் ஃபேஸ்புக்கைத் திறந்துவிடுவார். ஆகவே இங்கே முதல் நாள் எது தடுக்குமோ அதிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே எப்படி ஓடுகிறது என்பது தேவைப்படும் இடத்தில் வரும்.

சுருக்கமா சொல்லுங்க, இது என்ன?

ட்விட்டர் மாதிரி எழுதிப் போடும் இடம். ஆனால் ஒரே கம்பெனி நடத்தவில்லை. ஆயிரக்கணக்கான சர்வர்களை வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒன்றில் அக்கவுண்ட் இருந்தால் போதும், மற்ற சர்வர்களில் இருப்பவர்களையும் ஃபாலோ செய்யலாம், பதில் போடலாம்.

மாஸ்டடான் என்பது அந்த சர்வர்களில் ஓடும் ஒரு மென்பொருளின் பெயர். ஜெர்மனியில் இருக்கும் யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்டது. படங்களுக்கு பிக்சல்ஃபெட், வீடியோவுக்கு பியர்டியூப், குழுவாக விவாதிக்க லெம்மி என்று வேறு மென்பொருள்களும் உண்டு. இவை எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில், அதாவது சர்வர்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற வகுத்த பொது விதிகளின்படி, பேசிக்கொள்கின்றன. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2018 ஜனவரியில் தரமாக ஏற்றுக்கொண்டது. இந்த மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஃபெடிவெர்ஸ் என்று பெயர். மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்த படத்தை ஒருவர் பிக்சல்ஃபெட்டில் போட்டால், மாஸ்டடானில் இருந்தபடியே அவரை ஃபாலோ செய்து அதைப் பார்க்கலாம்.

எந்த சர்வர்ல சேரணும் அண்ணே? லிஸ்டைப் பாத்தாலே தலை சுத்துது.

பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, "உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற சின்ன சர்வராகப் பார்த்துச் சேருங்கள்" என்பது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் தமிழில் எழுதவும் படிக்கவும் வருகிற புது ஆளுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

காரணம் இதுதான். வெளியே இருக்கும் எல்லாப் பதிவுகளும் உங்கள் சர்வருக்கு வந்துவிடுவதில்லை. அந்த சர்வரில் இருப்பவர்கள் யாரையெல்லாம் ஃபாலோ செய்கிறார்களோ, முக்கியமாக அவர்களின் பதிவுகள்தான் வந்து சேரும். ஐம்பது ஜெர்மன்காரர்கள் இருக்கும் ஒரு சின்ன சர்வரில் நீங்கள் முதல் தமிழராகப் போய்ச் சேர்ந்தால், #தமிழ் என்று தேடினால் காலியாகத்தான் இருக்கும். எங்கோ ஆட்கள் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள், உங்கள் சர்வருக்கு அது தெரியாது. பெரிய சர்வர் என்றால் உங்களுக்கு முன்னாலேயே சில தமிழர்கள் அங்கே வந்து, தங்களுக்கு வேண்டியவர்களை ஃபாலோ செய்து வைத்திருப்பார்கள். உங்கள் தேடலிலும் ஏதாவது அகப்படும்.

ஆகவே முதல் தடவை மாஸ்டடான் டாட் சோஷியல் மாதிரி பெரிய ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். மாஸ்டடானின் சொந்தச் செயலியே 2023 முதல் புதியவர்களுக்கு அதைத்தான் முன்னால் நீட்டுகிறது. "எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால் கூட்டமைப்பு எதற்கு" என்று பழைய ஆட்கள் முறைப்பார்கள். நியாயமான கேள்விதான். பழகிய பிறகு வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது, கீழே வருகிறது. கூடவே ஒன்று: ஏற்கெனவே அங்கே இருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டால், யோசிக்காமல் அவர் இருக்கும் சர்வருக்கே போங்கள்.

2019-லயே ஒரு அக்கவுண்ட் தொடங்கினேன். ஒரு ஆளும் இல்ல, விட்டுட்டேன். இப்ப மட்டும் என்ன மாறியிருக்கு?

அந்த நவம்பரில் வந்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர் போல. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, கோபப்பட்டு நிறைய இந்தியர்கள் மாஸ்டடான் பக்கம் வந்தார்கள். பலர் சில வாரங்களிலேயே திரும்பிப் போனார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது உலக அளவில் அதைவிடப் பெரிய அலை வந்தது, அதிலும் கொஞ்சம் பேர்தான் தங்கினார்கள்.

ஏன் காலியாகத் தெரிகிறது என்றால், உங்கள் முகப்பில் எதைக் காட்டுவது என்று ஓர் அல்காரிதம் இங்கே முடிவு செய்வதில்லை. நீங்கள் யாரை ஃபாலோ செய்தீர்களோ அவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும். யாரையும் ஃபாலோ செய்யவில்லை என்றால் எதுவும் வராது. ஃபேஸ்புக்கில் நாம் சும்மா இருந்தாலும் அது எதையாவது கொண்டுவந்து கொட்டும். இங்கே முதல் ஒரு வாரம் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மாறியது என்ன? 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆட்களைப் போலவே ஹேஷ்டேகையும் ஃபாலோ செய்யலாம். ஆட்களைத் தெரியாத புதியவருக்கு இது பெரிய உதவி. 2023-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து பதிவுகளுக்குள் இருக்கும் சொற்களையும் தேடலாம், ஆனால் தேடலுக்குச் சம்மதம் கொடுத்தவர்களின் பதிவுகள் மட்டும்தான் கிடைக்கும்.

தமிழ் ஆட்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் நாள் #தமிழ் என்ற ஹேஷ்டேகை ஃபாலோ செய்யுங்கள். அப்புறம் #கன்னியாகுமரி, #நாகர்கோவில் என்று உங்கள் ஊர், உங்கள் தொழில், உங்கள் பொழுதுபோக்கு. எதிரே வருகிறவர் ஒழுங்காக எழுதுகிறாரா என்று பார்த்து அவரையும் ஃபாலோ செய்யுங்கள், அப்படியே அவர் யாரையெல்லாம் ஃபாலோ செய்கிறார் என்று அந்தப் பட்டியலுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான வழி இல்லை.

உங்களை மற்றவர் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். முதல் பதிவில் நீங்கள் யார், எந்த ஊர், எதைப் பற்றி எழுதுவீர்கள் என்று நான்கு வரி எழுதி, #அறிமுகம் #தமிழ் என்று போட்டு வையுங்கள். படம் வைக்காத, ஒன்றுமே எழுதாத அக்கவுண்ட்டை யாரும் திரும்ப ஃபாலோ செய்ய மாட்டார்கள்.

மொழி அமைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பொது டைம்லைனில் எந்த மொழிப் பதிவுகள் தெரிய வேண்டும் என்று அமைப்புகளில் டிக் செய்யலாம். ஆர்வத்தில் தமிழ் ஒன்றை மட்டும் டிக் செய்தால் அந்தப் பக்கம் வெறிச்சோடிப்போகும். ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளவங்கோடு, களியக்காவிளை பக்கத்துக்காரர்கள் மலையாளத்தையும் சேர்க்கலாம், படிக்க ஆள் இருக்கிறதே. எழுதும்போது பதிவின் மொழியைத் "தமிழ்" என்று வைக்க மறக்காதீர்கள். ஆங்கிலம் என்று கிடந்தால், தமிழ்ப் பதிவு தேடுகிறவருக்கு உங்கள் பதிவு அகப்படாது.

ஒருத்தரோட லிங்க்கைத் தொட்டேன். வேற எங்கயோ போய் மறுபடி லாகின் கேக்குது. எனக்க பாஸ்வேர்டை எடுக்கவும் மாட்டேங்குது!

எடுக்காது. நீங்கள் போய் நிற்பது அவருடைய சர்வர். உங்கள் அக்கவுண்ட் இருப்பது உங்கள் சர்வரில். புதியவர்களைக் குழப்புவதில் இதற்குத்தான் முதல் இடம்.

செய்ய வேண்டியது: அந்தப் பக்கத்தின் முகவரியை அப்படியே காப்பி செய்து, உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். அதே ஆள், அதே பதிவு உங்கள் சர்வருக்குள்ளேயே தெரியும். அங்கிருந்து ஃபாலோ செய்யலாம், பதில் போடலாம். அவருடைய முழுப் பெயரை ஒட்டினாலும் சரி. முழுப் பெயர் என்பது @பெயர்@சர்வர் என்று இரண்டு பகுதியாக இருக்கும். நண்பர்களுக்கு உங்கள் முகவரியைக் கொடுக்கும்போதும் இரண்டு பகுதியையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பகுதியை மட்டும் கொடுத்தால், அதே பெயரில் இன்னொரு சர்வரில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரை உங்கள் மச்சான் ஃபாலோ செய்து வைப்பார்.

புதிய பதிப்புகளில் "உங்கள் சர்வர் எது" என்று அதுவே கேட்டு, அங்கே கூட்டிப்போகிறது. செயலி வழியாகப் பார்த்தால் இந்தத் தொல்லை இன்னும் குறைவு.

எனக்கு அவர் பக்கத்துல மூணு பதிவுதான் தெரியுது. அவர் போன்ல பாத்தா முந்நூறு இருக்கு. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. உங்கள் சர்வரில் ஒருவர் முதன்முதலாக அவரை ஃபாலோ செய்த நாளிலிருந்துதான் அவருடைய பதிவுகள் உங்கள் சர்வருக்கு வரத் தொடங்கும். அதற்கு முந்திய பழைய பதிவுகள் தானாக வருவதில்லை. ஒரு பதிவுக்கு வந்த பதில்களும் சில சமயம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். பதில் எழுதியவரைப் பற்றி உங்கள் சர்வருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பதில் வந்து சேர்ந்திருக்காது. லைக் எண்ணிக்கையும் இப்படியே சர்வருக்கு சர்வர் மாறும்.

முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் பதிவின் மெனுவில் மூலப் பக்கத்தைத் திறக்கும் வசதி இருக்கிறது. அவர் சர்வரிலேயே போய்ப் பார்க்கலாம். சண்டை நடக்கும் இடத்தில் நுழைவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பத்துப் பேர் ஏற்கெனவே சொன்ன பதிலை, அவை உங்களுக்குத் தெரியாததால் பதினோராவது ஆளாகப் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது இங்கே சகஜம்.

லைக் போட்டா பதிவு பரவுமா?

பெரிதாகப் பரவாது. எழுதியவருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவே. நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் பூஸ்ட் கொடுங்கள், அதாவது உங்களை ஃபாலோ செய்பவர்களுக்கும் அந்தப் பதிவைப் பகிருங்கள்.

தனி மெசேஜ் ரகசியமா இருக்குமா?

நம்பாதீர்கள். மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது, குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் காட்டப்படும் ஒரு பதிவுதான். வாட்ஸாப்பிலோ சிக்னலிலோ இருப்பது போன்ற முழுப் பூட்டு இதற்கு இல்லை. அனுப்புகிறவர், பெறுகிறவர் என்று இரண்டு பக்க சர்வரையும் நடத்துகிறவர்கள் நினைத்தால் படிக்க முடியும்.

இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. இரண்டு பேர் தனியாகப் பேசும்போது மூன்றாவது ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவருடைய முகவரியை @ போட்டு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். "அந்த ஆளு சரியில்ல" என்று எழுதிவிட்டு அந்த ஆளையே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். வங்கி விவரம், ஆதார் எண், காதல் விவகாரம் எதுவும் இங்கே வேண்டாம்.

வம்பு பண்றவனை யாரு கேக்கிறது? ஒரு முதலாளியும் இல்லையே.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நிர்வாகி இருக்கிறார். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நம் கடற்கரையில் ஊருக்கு ஊர் ஒரு கமிட்டி இருக்கிறதல்லவா, அது போலத்தான். ஒவ்வோர் ஊருக்கும் அதற்கென்று கட்டுப்பாடு இருக்கும். பக்கத்து ஊர்க்காரன் வந்து போகலாம், பேசலாம், சம்பந்தம் செய்யலாம். தகராறு செய்தால் முதலில் அவன் ஊர்க் கமிட்டியிடம் புகார் போகும். அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்றால் அந்த ஊரோடு உறவே வேண்டாம் என்று நம் ஊர் முடிவெடுக்கும்.

மாஸ்டடானிலும் ஒரு பதிவை ரிப்போர்ட் செய்தால் உங்கள் நிர்வாகிக்குப் போகும். டிக் செய்தால் பதிவு போட்டவருடைய நிர்வாகிக்கும் ஒரு நகல் போகும். உங்கள் நிர்வாகி அந்த ஆளை மட்டும் தடுக்கலாம், அல்லது அந்த சர்வரையே மொத்தமாகத் துண்டிக்கலாம். 2019-இல், வெறுப்புப் பேச்சுக்கு இடம் கொடுப்பதாகப் பெயரெடுத்த கேப் என்ற அமெரிக்கத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறி உள்ளே வந்தபோது ஏராளமான சர்வர்கள் அதைத் துண்டித்தன, சில செயலிகள்கூட அதற்குக் கதவடைத்தன. மென்பொருள் யாருக்கும் இலவசம், ஆகவே அதை எடுத்து ஓட்டுவதை யாரும் தடுக்க முடியாது. உறவு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டும் அவரவர் கையில்.

இதில் ஒரு குறை உண்டு, மறைப்பதில் அர்த்தமில்லை. நிர்வாகி இரண்டு சர்வருக்கு இடையே உறவைத் துண்டித்தால், அந்த சர்வரில் இருக்கும் உங்கள் நண்பரும் சேர்ந்து போய்விடுவார். உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பெரும்பாலான சர்வர்கள் "எங்களைப் பற்றி" பக்கத்தில் விதிகளை எழுதி வைத்திருக்கின்றன, சில தாங்கள் தடுத்திருக்கும் சர்வர்களையும் வெளியிடுகின்றன. சேருவதற்கு முன் ஐந்து நிமிடம் அதைப் படியுங்கள்.

சர்வரை நடத்துறவர் ஒருநாள் மூடிட்டுப் போனா எல்லாம் போயிடுமா?

போகலாம். பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையிலும் தன்னார்வத்திலும் ஓடுகின்றன. கம்பெனிகள் மட்டும் நிரந்தரமா என்ன? ஆர்குட் 2014-இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019-இல் மூடியது. ட்விட்டருக்குப் போட்டி என்று நம் நாட்டில் வந்த கூ 2024-இல் மூடியது.

மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் ஓர் உடன்படிக்கையை ஏற்க வேண்டும். மூடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்குக் கை வைக்க இன்னோர் ஆள் இருக்க வேண்டும், இனவெறி, பெண் வெறுப்பு போன்றவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். பட்டியலில் இருக்கும் சர்வராகப் பார்த்துச் சேர இது ஒன்றே போதிய காரணம்.

சர்வரின் முகவரி எந்த எழுத்துகளில் முடிகிறது என்றும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் குயர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் முகவரி திடீரென்று செத்துப்போனது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுக்கு உரிய முடிவு, தாலிபான் அரசு அதை முடக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மாலி நாட்டின் எம்எல் முடிவில் இயங்கிய ஒரு லெம்மி சர்வருக்கும் முகவரி பறிபோனது. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கிய முகவரிகள், உண்மையில் ஒரு நாட்டு அரசின் கையில் இருந்தன.

சர்வர் மாறணும்னா என்ன செய்யணும்?

புது சர்வரில் அக்கவுண்ட் தொடங்கி, அதன் அமைப்பில் "பழைய அக்கவுண்ட் இது" என்று பதிவு செய்யுங்கள். பிறகு பழைய அக்கவுண்ட்டுக்குள் போய் மாற்றத்தைத் தொடங்குங்கள். உங்களை ஃபாலோ செய்தவர்கள் தானாகப் புது இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் ஃபாலோ செய்தவர்களின் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி, புது இடத்தில் ஏற்ற வேண்டும். தடுத்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றின் பட்டியல்களும் அப்படியே.

நீங்கள் எழுதிய பதிவுகள் மட்டும் கூட வராது, பழைய இடத்திலேயே இருக்கும். ஒரு நகலைக் கேட்டு வாங்கிக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. மிக முக்கியமானது: மாற்றம் நடக்கும்போது பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். மூடுவதாக அறிவிப்பு வந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அறிவிப்பே வராமல் நின்றுபோகும் சர்வர்களும் உண்டு என்பதால், அந்தப் பட்டியல்களை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

த்ரெட்ஸும் ப்ளூஸ்கையும் இதேதானா?

த்ரெட்ஸ் மெட்டாவுடையது, 2023 ஜூலையில் வந்தது. 2024 முதல் படிப்படியாக ஆக்டிவிட்டிபப்பில் இணைந்துவருகிறது. அங்கே இருப்பவர் தன் அமைப்பில் அனுமதி கொடுத்திருந்தால்தான் மாஸ்டடானிலிருந்து அவரை ஃபாலோ செய்யலாம். சில மாஸ்டடான் சர்வர்கள் த்ரெட்ஸைத் துண்டித்தும் வைத்திருக்கின்றன. ப்ளூஸ்கை வேறு நெறிமுறையில் ஓடுவது, ஏடி புரோட்டோகால் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது, வேண்டும் என்பவர்கள் பயன்படுத்தலாம்.

மார்த்தாண்டம் தேன் விக்கிறேன். இதுல போட்டா யாவாரம் நடக்குமா?

வியாபாரத்துக்கு என்றால் இப்போதைக்கு வேண்டாம். மாஸ்டடானில் காசு கொடுத்து விளம்பரம் செய்யும் வசதியே கிடையாது. வாங்குகிற ஆட்கள் வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறார்கள், அங்கேயே இருங்கள். ஆனால் தேனீப் பெட்டியை எப்படிப் பராமரிக்கிறீர்கள், ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கும் பருவம் எப்போது என்றெல்லாம் எழுதினால் கேட்க ஆள் வருவார்கள். நுணுக்கமான விஷயங்களை நீளமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இங்கே அதிகம். விற்பனை நடந்தால் அது உபரி. படம் போடும்போது, பார்வையற்றவர்களுக்கும் புரியும்படி படத்துக்கு விளக்கம் எழுதுங்கள். எழுதாவிட்டால் யாராவது வந்து ஞாபகப்படுத்துவார்கள், கோபப்படாதீர்கள்.

கடல் எச்சரிக்கையை இது வழியா நம்ம ஆட்களுக்கு அனுப்பலாமா? ஒக்கி சமயத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். போன் சிக்னலே எட்டாத தூரம் அது. எந்தச் சமூக வலைத்தளமும் அவர்களைச் சென்றடைந்திருக்காது. எச்சரிக்கை என்றால் வானிலை ஆய்வு மையமும், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸும் வெளியிடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்கடல், அதாவது கரையில் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று எழும் பேரலை பற்றிய எச்சரிக்கையும் இன்காய்ஸிடமிருந்துதான் வருகிறது. மாஸ்டடானில் யாரோ பூஸ்ட் செய்த பழைய எச்சரிக்கையைப் பார்த்து வள்ளத்தை இறக்குவதோ இறக்காமல் விடுவதோ கூடாது.

வீட்டு வாட்ஸாப் குரூப்பை இதுக்கு மாத்தலாமா?

வேண்டாம். அத்தையும் சித்தப்பாவும் அங்கேயே சந்தோஷமாக இருக்கட்டும்.

எங்க காலேஜுக்குன்னு ஒரு சர்வர் தொடங்கலாமா சார்?

தொடங்கலாம். தொழில்நுட்பம் கடினமில்லை. வாடகை சர்வர் ஒன்று எடுத்து, லினக்ஸ் தெரிந்த இரண்டு பிள்ளைகள் ஒரு வார இறுதியில் உட்கார்ந்தால் ஓடவிடலாம். ஆள் குறைவு என்றால் மாஸ்டடானைவிட எடை குறைந்த கோ-டு-சோஷியல் (GoToSocial) போன்ற மென்பொருளும் உண்டு. வெளி சர்வர்களிலிருந்து வரும் படங்களும் வீடியோக்களும் வட்டை நிரப்பிக்கொண்டே போகும், பழையதைத் தானாக அழிக்க முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள்.

கடினம் அதற்கப்புறம்தான். இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவியைப் பற்றி யாரோ அசிங்கமாக எழுதினால் அதை யார் அழிப்பது? நம் நாட்டின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படித் தளம் நடத்துகிறவர்கள் விதிகளை வெளியிட வேண்டும், புகார் வாங்கும் அலுவலரின் பெயரையும் போட வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க நிர்வாகத்தில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு, சர்வரைக் கட்டிய பிள்ளைகள் மூன்றாம் ஆண்டு முடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பாஸ்வேர்டும் அவர்களோடு போகும், டொமைனை (சர்வரின் இணைய முகவரியை) புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாரும் திறக்காத முகவரிக்குப் போகும். ஆகவே டொமைன் கல்லூரிப் பெயரில் இருக்கட்டும், அதன் சாவி துறையில் நிரந்தரமாக இருக்கும் இரண்டு ஆசிரியர்களிடம் இருக்கட்டும், அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.